சட்டமன்றம் விதிக்காத வரி!

தோழனே!

வீட்டு வரி தெரியும் உனக்கு. தொழில் வரி தெரியும். கடைக்குப் போய்க் காலணாச் சாமான் வாங்கினாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற சரக்கு, சேவை வரியும் தெரியும். இந்த வரிகளுக்கெல்லாம் ஒரு சட்டம் உண்டு. சட்டத்தின் மீது வாதம் உண்டு. வாதத்தில் தோற்றாலும், வரி போட்டவர்களை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பும் வாக்குச்சீட்டு உண்டு.

ஆனால், எந்த மன்றமும் விதிக்காத, எந்த அமைச்சரும் கையொப்பம் இடாத, எந்தப் பற்றுச்சீட்டும் கிடைக்காத ஒரு வரியை உன் வீட்டுத் தாய்மார்கள் நாள் தவறாமல் செலுத்தி வருகிறார்களே, அது தெரியுமா? சோப்புக் கட்டியாகச் செலுத்துகிறார்கள். சமையல் எரிவாயுவாகச் செலுத்துகிறார்கள். கருகிப்போன கீசர் கம்பியாக, அடைத்துக்கொண்ட சலவை இயந்திரமாக, நைந்துபோன வேட்டியாக, புண்பட்ட விரலாகச் செலுத்துகிறார்கள். வரியை வசூலிக்க யாரும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் குழாயைத் திறந்தால் போதும், வசூல் தொடங்கிவிடுகிறது!

கடின நீர் விதிக்கும் வரியைத்தான் சொல்கிறேன்.

"காவிரியைப் பற்றி எழுதலாம், முல்லைப் பெரியாற்றைப் பற்றி முழங்கலாம், சோப்பு நுரைக்கவில்லை என்பதற்கெல்லாமா பத்திரிகையில் பத்தி எழுதுவார்கள்?" என்று நையாண்டி செய்வோர் உண்டு. செய்யட்டும். அவர்கள் வீட்டில் துணி துவைப்பது அவர்களல்ல. அதனால் அவர்களுக்கு நுரையின் அருமை தெரியாது! அரசியல் என்பது கோட்டையில் மட்டும் குடியிருப்பதல்ல. அது கொல்லைப்புறத்துத் துவைகல்லிலும் இருக்கிறது, அடுப்படி இட்லிப் பானையிலும் இருக்கிறது. ஏழையின் மாதச் செலவில் எது கை வைத்தாலும் அது அரசியல்தான்.

நம் மக்கள் படிக்காத மக்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால், வேதியியல் நூல் கடின நீர், மென்னீர் என்று பிரிப்பதற்கு முன்பே, நம் மக்கள் நாக்காலும் கையாலும் அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ. "நல்ல தண்ணீர்க் குழாய்" ஒன்று இருக்கும். "உப்புத் தண்ணீர்க் குழாய்" ஒன்று இருக்கும். கொங்கு நாட்டில் அதையே "சப்பைத் தண்ணீர்" என்பார்கள். நல்ல தண்ணீரில் பருப்பு குழையும். உப்புத் தண்ணீரில் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். நல்ல தண்ணீரில் சோப்பு பொங்கும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்த பாலைப்போலத் திட்டுத் திட்டாக மிதக்கும். இது நம் தாய்மார்கள் கண்ட ஆராய்ச்சி முடிவு. காரணத்தைத்தான் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் என்ன?

வானத்திலிருந்து விழும் மழைநீர் மென்மையானது. விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவில் சிறிது கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் புகும்போது, வேர்களும் மக்கிய இலைகளும் வெளியிடும் அதே வாயுவை இன்னும் அதிகமாகக் கரைத்துக்கொள்கிறது. இதனால் நீர் மிக மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லையும் சுக்காங்கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு அழைத்து வருகிறது. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை. அந்தப் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரைத்தான் நாம் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சுகிறோம். அதிக நாள் தங்கிய நீர், அதிகச் சுண்ணாம்பைச் சுமந்து வருகிறது. மழை பொய்த்து, கிணறு ஆழமாக ஆழமாக, நீர் பெரும்பாலும் கடினமாகிக்கொண்டே போகிறது. வறட்சி நீரின் அளவை மட்டும் குறைப்பதில்லை, தோழனே! நீரின் குணத்தையும் கெடுக்கிறது.

அளவுகோல் இல்லாமலா? இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 10500 என்ற விதி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. அதைவிட நல்ல நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது.

வழியே இல்லாத இடத்தில்! இதைக் கவனி. வழி இல்லை என்று முடிவு கட்டுவது யார்? தேடிப் பார்த்துவிட்டு முடிவு கட்டினார்களா, தேடாமலே கட்டினார்களா? 200-க்கும் 600-க்கும் இடையே கிடக்கும் அந்த 400 மில்லிகிராமில்தான் ஏழையின் சோப்பும் சம்பளமும் கரைகின்றன.

மில்லிகிராம் என்றதும் சிறிது என்று எண்ணிவிடாதே. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 500 லிட்டர் புழங்குவதாக வைத்துக்கொள். லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால், நாளைக்கு 300 கிராம். ஆண்டுக்கு 109 கிலோ! சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கொத்தனார் வேலை செய்யும் தோழனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் தோளுக்குத் தெரியும் அந்தப் பாரம். இரண்டு மூட்டைக்கும் மேலான சுண்ணாம்புச் சரக்கு, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, ஆண்டுதோறும் உன் வீட்டுக் குழாய் வழியே உள்ளே வருகிறது. அத்தனையும் படிவதில்லை, பெரும்பகுதி சாக்கடை வழியே போய்விடும். ஆனால், போகிற வழியில் தொட்டதையெல்லாம் தொட்டுக் கெடுத்துவிட்டுத்தான் போகும்.

முதலில் அது தொடுவது சோப்பை.

சோப்பு அழுக்கோடு சண்டைபோடப் பிறந்தது. ஆனால், கடின நீரில் விழுந்ததும், அழுக்கை விட்டுவிட்டு முதலில் சுண்ணாம்போடு சண்டைபோடுகிறது. நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகிறது. அந்தச் சண்டை முடிந்த பிறகுதான் நுரையே தலைதூக்கும். ஒரு கிராம் கடினத்தை அடக்க ஏறத்தாழ ஆறு கிராம் சோப்பு மாள வேண்டும். இது வேதியியல் கணக்கு. 15 லிட்டர் வாளி ஒன்றில், லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினம் உள்ள நீர் இருந்தால், அதில் 9 கிராம் கடினம். அந்த வாளி முழுவதையும் நுரைக்க வைக்க, 50 கிராமுக்கு மேல் சோப்பு அழுக்கைத் தொடாமலே சாக வேண்டும். அதே வாளியில் 200 மில்லிகிராம் நீர் இருந்தால் 18 கிராம் போதும். துணிமீது கட்டியைத் தேய்த்துத் துவைக்கும்போது இழப்பு இதைவிடக் குறையும். இன்றைய சலவைத் தூள்கள் பழைய சோப்பைப்போல அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. உண்மைதான். ஆனால், தோற்காமல் இருப்பதற்காகச் சுண்ணாம்பைக் கட்டிப்போடும் சரக்கை அதற்குள் கலந்திருக்கிறார்களே, அதற்கு விலை கொடுப்பது யார்? நீதான்! ஒரு கரண்டி தூள் போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுவது யார்? உன் வீட்டார்தான்!

இவ்வளவு போட்டும் துணி எப்படி வருகிறது? வெள்ளை வேட்டி பழுப்பேறுகிறது. கறுப்பு–சிவப்புக் கரை மங்குகிறது. பிசுக்கு நூலிழையில் படிந்து, துண்டு அட்டைபோல் விறைக்கிறது. ஓராண்டு உழைக்க வேண்டிய சட்டை முன்னதாகவே நைந்துபோகிறது. துணிக்கடைக்காரர் மீது பழி போடுகிறோம். பாவம், அவர் என்ன செய்வார்?

அடுத்து அது தொடுவது அடுப்பை.

கரைந்திருக்கும் சுண்ணாம்பில் ஒரு பகுதி, நீர் சூடாகும்வரை சாதுவாக இருக்கும். சூடு ஏறியதும் கரியமில வாயு பிரிந்து ஓட, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் பாத்திரத்தின் அடியில் உட்காரும். இட்லிப் பானையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது மலைக்குள் இருந்த கல். உன் அடுப்படிக்கு வந்து மறுபடி கல்லாகி உட்கார்ந்திருக்கிறது! செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தக் கல் ஒழுங்காகக் கடத்தாது. அடியில் எரியும் நெருப்புக்கும் உள்ளே இருக்கும் நீருக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள். நெருப்பு என்ன செய்யும்? பானையின் பக்கவாட்டில் ஏறி, வீணாகக் கூரைக்குப் போகும். எரிவாயு உருளை நாலு நாள் முன்னதாகத் தீரும்.

வெந்நீருக்காகப் பாடுபட்டுச் சேமித்து ஒரு கீசர் வாங்குகிறான் தொழிலாளி. வாங்க முடியாதவன், வாளிக்குள் போடும் மின்சாரக் கம்பி ஒன்று வாங்குகிறான். மின்கம்பி நீருக்குள்ளேயே மூழ்கி இருப்பதால், அடுப்பு நெருப்பைப்போல வெப்பம் வெளியே ஓடிவிடுவதில்லை. இங்கே சேதம் வேறுவிதம். கம்பியைச் சுற்றிக் கல் போர்த்துக்கொள்கிறது. தன் சூட்டை நீருக்குக் கொடுக்க முடியாமல், கம்பி தன் சூட்டிலேயே தான் வெந்து, உறை வெடித்துக் கருகுகிறது. சலவை இயந்திரத்தில், நீர் நுழையும் வாயிலின் சல்லடை அடைக்கிறது; வெந்நீரில் துவைக்கும் வகையானால் உள்ளே இருக்கும் சூடேற்றியும் இதே கதிக்கு ஆளாகிறது. நீராவி இஸ்திரிப் பெட்டியின் துளைகள் மூடிக்கொள்கின்றன. பூவாளிக் குழாயில் பத்துத் துளைக்கு மூன்று துளைதான் பொழிகின்றன.

பழுது பார்க்க வருபவரிடம் உத்தரவாதச் சீட்டை நீட்டுகிறோம். அவர் அதிலேயே ஒரு மூலையில் இருக்கும் பொடி எழுத்தைக் காட்டுகிறார். உப்புப் படிவால் வரும் பழுது உத்தரவாதத்தில் சேராது என்று பல கருவிகளின் சீட்டில் அச்சடித்தே தருகிறார்கள். விற்கும்போது பெரிய எழுத்து. பொறுப்பேற்கும்போது பொடி எழுத்து! தவணை கட்டி முடிவதற்குள் கருவி கண்ணை மூடிவிடுகிறது. தவணை மட்டும் கண்ணை மூடுவதில்லை.

இப்போது தொழிலாளித் தோழனை ஒன்று கேட்கிறேன்.

நீ வேலை செய்யும் ஆலையில் கொதிகலன் இருக்கிறதல்லவா? அதற்கு என்ன தண்ணீர் விடுகிறார்கள்? ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே விடுகிறார்களா? விடமாட்டார்கள்! நீரை மென்மையாக்கும் தொட்டி தனியாக இருக்கும். அதைச் சோதித்துப் பார்க்க ஆள் இருக்கும். குறித்து வைக்க ஏடு இருக்கும். ஏன் இவ்வளவு அக்கறை? கொதிகலன் குழாயில் கல் படிந்தால் எரிபொருள் வீணாகும். குழாய் சூடேறி வெடிக்கவும் கூடும். கொதிகலன் பாதுகாப்புக்காக இந்நாட்டில் 1923-இலேயே சட்டம் வந்தது. 2025-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. நீராவி இரயில் ஓடிய காலத்தில் இரயில்வேக்காரர்களும் எஞ்சினுக்கு ஊற்றும் நீரை மென்மையாக்கித்தான் ஊற்றினார்கள்.

திருப்பூருக்குப் போய்ப் பார். சாயத் தொட்டிக்குக் கடின நீர் ஆகாது. நிறம் சீராக ஏறாது, பனியன் திட்டுத்திட்டாகும், வெளிநாட்டு வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவான். அதனால், பவானிப் பக்கம் காவிரியிலிருந்து குழாய் போட்டு, பெரும் பங்கு தொழிற்கூடங்களுக்கும், மீதி ஊர் மக்களுக்குமாக நீர் கொண்டுவரும் திட்டம் 2000-களில் வந்தது. வரட்டும், தொழில் வளரட்டும். அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். பனியனின் நிறம் மங்கக்கூடாது என்று இத்தனை பேர் கவலைப்பட்டார்களே, அந்தப் பனியனைத் தைத்த தங்கையின் வீட்டு வாளியில் என்ன நீர் இருக்கிறது என்று எத்தனை பேர் கவலைப்பட்டார்கள்?

ஆலைக் கொதிகலன் இரும்பாலானது. அதற்குக் கிடைக்கும் மரியாதை, அதை இயக்குகிறவனின் வீட்டு இட்லிப் பானைக்கு இல்லை. எந்திரம் கெட்டால் முதலாளிக்கு நட்டம். ஆகவே வழி பிறக்கிறது. ஏழையின் பாத்திரம் கெட்டால் ஏழைக்கு நட்டம். ஆகவே அது விதி என்று சொல்லப்படுகிறது! அறிவியல் இல்லாமல் இல்லை. பணம் இல்லாமல் இல்லை. யாருடைய நட்டம் கணக்கில் எழுதப்படுகிறது என்பதிலேதான் வேற்றுமை.

"அதற்கென்ன, கருவி வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே!" என்கிறார்கள் கனவான்கள். மாளிகையில் இருப்பவர் வாங்குகிறார். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கூட்டாக வாங்குகிறார்கள். உப்பு போட்டுப் புதுப்பிக்கும் மென்னீர்க் கருவி நல்ல கருவிதான். பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருப்பவன் அதை எங்கே மாட்டுவான்? வீட்டுக்காரர் விடுவாரா? வாடகை வீட்டை மாற்றும்போது குழாயைப் பெயர்த்துக்கொண்டு போவானா?

அடுப்படிச் சுவரில் மாட்டுகிறார்களே, ஆர்.ஓ. கருவி, அதைப் பற்றியும் சொல்கிறேன். அது குடிக்கும் நீரைத் துப்புரவாக்கும். ஆனால், ஒரு குடம் நல்ல நீர் தர, பல நேரம் அதைவிட அதிக நீரைக் கழிவாகத் தள்ளும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் இந்தக் கருவியைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே திங்களில் நடுவண் அரசைப் பணித்ததே, அது இந்த வீணடிப்பைக் கண்டுதான். உப்பு மிகுந்த இடங்களில் அதற்குத் தேவை உண்டு என்றே வை. அப்போதும், வீட்டுக்கு வரும் 500 லிட்டரில் குடிக்கிற பத்து, பதினைந்து லிட்டரைத்தானே அது கவனிக்கிறது? குளிக்கிற நீர், துவைக்கிற நீர், கீசருக்குள் போகிற நீர் எல்லாம் பழைய நீர்தான்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. குழாயைச் சுற்றிக் காந்தத்தைக் கட்டினால் நீர் மென்மையாகிவிடும் என்று விற்றுத் திரிகிறார்கள். கைக்குக் கட்டிய தாயத்தைக் கழற்ற வைக்கப் பெரியார் ஊர் ஊராக அலைந்தார். இப்போது குழாய்க்குத் தாயத்துக் கட்டுகிறார்கள்! பகுத்தறிவாளன் நம்பவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், சோதிக்கட்டும். இரண்டு சிறு பாட்டில் எடுத்துக்கொள். ஒன்றில் காந்தம் கட்டிய குழாயின் நீர். மற்றொன்றில் கட்டாத குழாயின் நீர். சலவைத் தூள் அல்ல, உண்மையான சோப்பைக் கரைத்து, இரண்டிலும் ஒரே அளவு சொட்டு விட்டுக் குலுக்கு. நுரை எதில் நிற்கிறது என்று பார். கால்சியம் உள்ளே இருக்கும்வரை சோப்பு ஏமாறாது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க் நீரின் கடினத்தை அளக்க வகுத்துத் தந்ததும் இத்தகைய சோப்புச் சோதனைதான். சுண்ணாம்பு நீரைச் சேர்த்தே நீரிலுள்ள சுண்ணாம்பை வீழ்படிவாக்கி வெளியேற்றும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அது!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காகப் பொய் சொல்லி அச்சமூட்டக் கூடாது. கடின நீர் நஞ்சல்ல. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய பொருள்களே. கடினத்தன்மைக்கென்று உடல்நலத்தின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் வரம்பு எதையும் விதிக்கவில்லை. "இதைக் குடித்தால் செத்துப்போவாய், எங்கள் கருவியை வாங்கு" என்று மிரட்டுவது வியாபாரியின் வேலை, நம் வேலையல்ல. நாம் சொல்வது, இது உயிரைப் பறிக்கும் கொலைகாரனல்ல, சட்டைப் பையைத் தடவும் திருடன் என்பது. திருடனுக்குத் திருடனுக்குரிய வழக்குப் போடுவோம்.

தண்ணீருக்காக வழக்காடுவது நமக்குப் புதிதா?

பொதுக் கிணற்றில் நீர் எடுக்க ஒரு பகுதி மக்களுக்கு உரிமையே இல்லாதிருந்த நாடு இது. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொது வழியும் பொதுக் கிணறும் எல்லா மக்களுக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற வைத்தார் இரட்டைமலை சீனிவாசன். 1927-இல் மகாத் நகரில், பொதுக் குளத்தின் நீரை அள்ளிப் பருகி உரிமையை நிலைநாட்டினார் அண்ணல் அம்பேத்கர். அது நீரைத் தொடும் உரிமைக்கான போர். அடுத்து, நீரைப் பெறும் உரிமை. ஊர் ஊராகக் குழாய் போட, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது அமைந்தது. இப்போது மூன்றாவது கட்டம் வந்திருக்கிறது. அது, நல்ல நீரைப் பெறும் உரிமை. "குழாய் வந்துவிட்டது அல்லவா, பிறகென்ன?" என்று கேட்டால், "குழாய் வந்தது. குழாய்க்குள் வருவது என்ன?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

நடக்கிற காரியமா என்பார்கள். நடந்த காரியத்தைச் சொல்கிறேன். கிளாஸ்கோ நகரம், 1855-இல் தண்ணீர் வழங்கும் வேலையைத் தனியார் கம்பெனிகளிடமிருந்து நகராட்சியின் கைக்கு மாற்றிக்கொண்டது. தொலைவில், மலைகளுக்கு நடுவே இருந்த கேத்ரின் ஏரியின் நீரை 1859-இல் ஊருக்குக் கொண்டுவந்தது. அந்த நீர் மிக மென்மையான நீர். கோமானுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே ஏரி. இருவர் வீட்டிலும் சோப்புச் செலவு குறைந்தது. தனித்தனியாக யாரும் கருவி வாங்கவில்லை. ஊர் கூடி ஒரே கருவி வாங்கியது. அந்தக் கருவியின் பெயர் நகராட்சி!

அவ்வளவு தொலைவு போவானேன்? கோவை நகரத்தார் பெருமையோடு சொல்லும் சிறுவாணி நீர் ஏன் இனிக்கிறது? நல்ல மழை பெய்யும் காட்டில் விழுந்து, சுண்ணாம்புக்கல்லோடு நெடுநாள் குடித்தனம் நடத்தாமல் ஓடி வருகிற நீர் அது. தருமபுரி, கிருட்டிணகிரி மக்களை நிலத்தடி நீரிலிருந்த புளோரைடு வாட்டியபோது, வீட்டுக்கு வீடு கருவி வாங்கு என்று சொல்லவில்லை. 2008-இல் கலைஞர் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார், 2013-இல் அது செயலுக்கு வந்தது. சென்னைக்காக 2010-இல் மீஞ்சூரிலும், 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரையே குடிநீராக்கும் நிலையங்கள் எழுந்தன. கடலின் உப்பையே வென்ற நாட்டுக்குக் கிணற்றின் சுண்ணாம்பை வெல்லத் தெரியாதா?

தெரியும். கேட்கத்தான் ஆள் வேண்டும். கேட்க வேண்டியது என்ன?

ஒன்று: ஒவ்வொரு வார்டிலும், குழாயில் வரும் நீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று மாதந்தோறும் அளந்து, நியாய விலைக் கடை வாசலில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். எடைக் கல்லுக்கு முத்திரை உண்டு. பாலுக்கு அளவு உண்டு. தண்ணீருக்கு ஏன் கூடாது?

இரண்டு: ஆற்று நீரும் ஆழ்துளை நீரும் இரண்டும் உள்ள ஊர்களில், ஒரு தெருவுக்கு ஆற்று நீர், ஒரு தெருவுக்குப் போர் நீர் என்று பிரிக்காமல், தொட்டியிலேயே கலந்து எல்லாத் தெருவுக்கும் விட வேண்டும். 600-ம் 100-ம் சம அளவில் கலந்தால் 350. இதற்குப் பெரிய அறிவியல் வேண்டாம். நடுநிலை மனம் போதும்.

மூன்று: மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் அமைப்புகள் காகிதத்தில் மட்டும் இல்லாமல் தூர் வாரப்பட்டு இயங்க வேண்டும். மென்மையான மழைநீர் சேரச் சேர, கிணற்று நீரின் கடினம் தணியும்.

நான்கு: இவை எதற்கும் வழி இல்லாத இடத்தில், உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளுக்குப் பொதுச் செலவில் மென்னீர் நிலையம் அமைக்க வேண்டும். ஆலைக்கு முடிந்தது அடுத்த தெருவுக்கு முடியாதா?

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். இட்லிப் பானையில் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடும் பழக்கம் மூடப்பழக்கமல்ல. புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். சலவை இயந்திரத்தைத் துணி இல்லாமல், எலுமிச்சை உப்புப் போட்டு அவ்வப்போது ஒருமுறை ஓட்டலாம். அத்தோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதே. நச்சு வாயு கிளம்பும். கீசரைக் கொதிக்கக் கொதிக்க வைக்காதே. 60 பாகைக்கு மேல் போனால் கல் படிவது விரைவாகும். ஆண்டுக்கொரு முறை மின்பணியாளரைக் கொண்டு திறந்து துப்புரவு செய். மழை பெய்யும்போது கூரை நீரைப் பிடித்து வை. பருப்பு வேகவும், துணி ஊறவும் அதைவிட நல்ல நீர் இல்லை. இவையெல்லாம் காயத்துக்குக் கட்டும் துணி. காயமே படாமல் இருக்க வழி, மேலே சொன்ன நாலும்தான்.

எங்கே கேட்பது? கிராம சபை இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூட வேண்டும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. நகரத்திலே வார்டு உறுப்பினர் இருக்கிறார். நம்மவராக இருந்தாலும் கேள், மாற்றாராக இருந்தாலும் கேள். நம்மவராக இருந்தால் இரண்டு முறை கேள்! கழகக் கொடி பறக்கும் படிப்பகத்தில் மாலை வேளையில் கூடுகிறீர்கள், நாளேடு படிக்கிறீர்கள், நாட்டு நடப்புப் பேசுகிறீர்கள். அந்த மேசையின் மேல், உன் தெருவின் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு பாட்டில் நீர் கொண்டுவந்து வை. சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கு. நுரை நிற்காத பாட்டில்களைத் தனியே எடு. அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு சபைக்குப் போ. ஆயிரம் சொல் பேச வேண்டாம். நுரைக்காத ஒரு பாட்டில் பேசும்.

எந்த மன்றமும் விதிக்காத வரி இது என்றேன். விதிக்காத வரியை நீக்க ஒரு மன்றமும் தானாக முன்வராது. கட்டுகிறவர்கள்தான் கணக்குக் கேட்க வேண்டும். இத்தனை காலம் கணக்குக் கேட்காமல் கட்டியவர்கள் நம் தாய்மார்கள். தேய்த்துத் தேய்த்து அவர்கள் கைரேகையே அழிந்துவிட்டது. அவர்கள் சார்பில் கணக்கைக் கேட்பது நம் கடமை.

கேள், தோழனே! உரக்கக் கேள்!